தகர ஏட்டையா

புறவழிச்சாலை ஓரத்தில் தகரத்தில் வெட்டிய போலீஸ்காரர் ஒருவர் நின்றார். வலது கையைத் தூக்கியபடி அவரை வரைந்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நிஜ ஏட்டையாவேதான்.

முதல் வாரம் லாரிகளெல்லாம் பெட்டிப்பாம்பாக அடங்கின. அதிகாரிகள் வந்து வேகத்தை அளந்தார்கள். "இனி இங்கே ஆள் போட வேண்டாம், பொம்மையே போதும்" என்று கைகுலுக்கிக்கொண்டு போனார்கள். தகர ஏட்டையாவுக்குத் தலைகால் புரியவில்லை.

தன் நிழலில் படுக்கும் செவலை நாயிடம், "என் கையைப் பார்த்தா வண்டி நிக்கும். பயப்படாம தாண்டு" என்றார். அன்றிலிருந்து செவலை இந்தப் பக்கத்துப் புரோட்டாக் கடையில் எலும்பு பொறுக்கி, அந்தப் பக்கத்திலிருக்கும் குட்டிகளுக்குக் கொண்டுபோனது.

இரண்டு மாதத்தில் டிரைவர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "வணக்கம் ஏட்டையா!" என்று கத்திக்கொண்டே பறந்தார்கள். செவலை தினமும் மயிரிழையில் தப்புவதைப் பார்த்தும் அவர் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் மரியாதை என்னாவது?

ஒரு மத்தியானம் செவலை எலும்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது: "போகட்டுமா ஏட்டையா?"

மணல் லாரி ஒன்று சீறிக்கொண்டு வந்தது.

"வேணாம் செவலை, நில்லு! நான் வெறும் தகரம். என்னைப் பார்த்து எவனும் நிறுத்துறதில்ல!"

செவலை வாலை ஆட்டியது. "வெளையாடாதீங்க ஏட்டையா. கையைத் தூக்கிட்டுத்தானே நிக்கிறீங்க?" எலும்பைக் கவ்விக்கொண்டு சாலையில் இறங்கியது.

லாரி போய்ப் புழுதி அடங்கியபோது செவலை சாலை நடுவில் அசையாமல் கிடந்தது. எதிர்ப்பக்கம் மூன்று குட்டிகள் வரிசையாக வந்து நின்று, தூக்கிய அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தன.