சப்பாத்தி போட்ட கல்

"எல்லாருக்கும் தோசையை ஊத்திக் குடுத்துட்டு இன்டர்வியூவுக்குத் தாராளமா போ. நானா கையப் புடிச்சு நிறுத்துறேன்?" என்றாள் மாமியார். பஸ் எட்டரைக்கு. முதல் தோசை இரும்புக்கல்லை விட்டு எழும்பவில்லை. அமுதவல்லி சுரண்டினாள், பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தாள். அடுத்ததும் பிய்ந்தது. கல்லின் ஓரத்தில் கருகிய கோதுமை மாவு. தோசைக்கல்லில் சப்பாத்தி போட்டால் மறுநாள் தோசை வராது என்று கல்யாணமான வாரமே அவளுக்குச் சொன்னவள் மாமியார்தான்.

"தோசை வரல, எம்.எஸ்ஸி. மட்டும் வந்துருச்சு" என்றான் கணவன், காலித் தட்டைத் தட்டியபடி.

மணி எட்டு இருபத்தைந்து. மிச்ச மாவு முழுவதையும் கல்லில் கவிழ்த்துவிட்டுச் சான்றிதழ்ப் பையை எடுத்தாள்.

"எங்கடி?" என்றாள் மாமியார்.

"எழும்புனதும் எடுத்துக்குங்க."

தெருமுனையில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் ஓடினாள்.