மன்றாட்டுப் பெட்டி

'அந்தோணியாரே, இன்னிக்கு அந்த அரங்கநாதன் மூஞ்சியில கரியைப் பூசு' என்று வேண்டிக்கொண்டுதான் இருதயசெல்வி தையல் மிஷினில் உட்கார்ந்தாள்.

திண்டிவனத்துக்கு வெளியே ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற கம்பெனி. அரங்கநாதன் அதில் சூப்பர்வைசர். ஷூ போய்ச் சேருகிற நாட்டில், ஏழை நாட்டுச் சரக்கு என்று வரியைக் குறைத்திருந்தார்கள். சும்மா குறைப்பார்களா? தொழிலாளியை நல்லபடி நடத்த வேண்டும், அவர்கள் குறையைச் சொல்ல வழி இருக்க வேண்டும் என்று ஏகப்பட்ட நிபந்தனை. மீறினால் சலுகை போச்சு. சலுகை போனால் ஆர்டரும் போச்சு.

அந்த நிபந்தனைக்காக வாசலில் மாட்டியதுதான் புகார்ப் பெட்டி.

ஒலக்கூர், மயிலம் பக்கத்துப் பெண்களுக்குப் பெட்டி என்றால் அந்தோணியார் கோயில் மன்றாட்டுப் பெட்டிதான். செவ்வாய்க்கிழமை அதில் போடுகிற வேண்டுதல் சீட்டை இதிலும் எழுதிப் போட்டார்கள். வீரம்மாள்கூட, "எந்த சாமி கேட்டா இன்னாடி?" என்று மகள் கல்யாணத்துக்கு ஒரு சீட்டு போட்டாள்.

இருதயசெல்வி ஒருத்திதான் நிஜமாகவே புகார் எழுதினாள்.

பசை ஒட்டுகிற அறையின் ஜன்னலை ஆணி அடித்து மூடிவிட்டார்கள். தோலில் தூசு படியக் கூடாதாம். அங்கே பசை ஒட்டுகிற டயானா அந்த நெடியில் இரண்டு தடவை மயங்கி விழுந்தாள். நாலு மாதக் கர்ப்பிணி. ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சியபோது, "ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்" என்றான் அரங்கநாதன். அவன் கேட்டுச் சொல்வதற்குள் பிள்ளை கலைந்துவிட்டது.

பதினைந்தாம் நாளே டயானா அதே அறைக்குத் திரும்பி வந்தாள். வீட்டுக்காரன் விட்டுவிட்டுப் போனவன். வேறு நாதி இல்லை.

"எல்லாத்தையும் எழுதிப் பெட்டியில போட்டுட்டேன்டி. ஜன்னலு தொறக்குதா இல்லையா பாரு" என்று போன வாரம் அவளிடம் சொன்னபோது டயானா பசையைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

பதினோரு மணிக்கு, நிபந்தனைப்படி எல்லாம் நடக்கிறதா என்று சோதிக்க வெள்ளைக்காரர் வந்து இறங்கினார். மொழிபெயர்க்க ஒரு சென்னை அம்மாள் கூட வந்தாள். எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, எதிரிலேயே பெட்டியைத் திறந்தார்கள்.

இருபது சீட்டு இருக்கும். இரண்டு பசையில் ஒட்டிக்கொண்டு வந்தன. அந்த அம்மாள் பிரித்துப் பிரித்துப் படித்தாள்.

"அந்தோணியாரே, மகனுக்கு வேலை கிடைக்கணும்."

"மாமியாருக்கு மூட்டு வலி தீரணும்."

"அந்தோணியாரே, இந்த வேலையையாவது எனக்கு விட்டு வையும்."

கடைசிச் சீட்டைக் கேட்டதும் வெள்ளைக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"வேலை மேல இவ்ளோ பிரியமான்னு கேக்கறார்" என்றாள் அந்த அம்மாள். "வேற ஏதாவது சொல்லணும்னா இப்பவே தைரியமா சொல்லலாம்."

இருதயசெல்வி காலிப் பெட்டியை எட்டிப் பார்த்தாள். அவள் சீட்டு எங்கே? வாயைத் திறக்கப் போனவளின் கையைப் பக்கத்தில் நின்ற டயானா இறுக்கிப் பிடித்தாள். 'பயப்படறா பாவம்' என்று இருதயசெல்வி அடங்கிப்போனாள்.

"புகாரே இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் வெள்ளைக்காரர்.

கார் கேட்டைத் தாண்டியதுதான் தாமதம், இருதயசெல்வி அரங்கநாதன் மேல் பாய்ந்தாள்.

"என் சீட்டை எடுத்துட்ட இல்ல? நீயெல்லாம் சோத்துல உப்புப் போட்டுத்தான் துன்றியா?"

"சாவி அந்த மெட்ராஸ் அம்மாகிட்டதான் இருக்குது" என்றான் அரங்கநாதன். "மாட்டின அன்னிக்கே பூட்டி எடுத்துக்கினு போயிட்டாங்க. நான் எப்படி எடுக்க முடியும்?"

அவன் முகத்தைப் பார்த்தால் பொய்யாகத் தெரியவில்லை.

சாப்பாட்டு நேரம். டயானா டிபன் பாக்ஸை எடுத்தாள். மூடிக்கு மேல் மடித்த காகிதம். அதன் நுனியில் காய்ந்த பசை, பசையில் ஒட்டிக்கொண்டு ஓர் ஈர்க்குச்சி. உண்டியலில் பையன்கள் காசு எடுக்கிற வித்தைதான்.

இருதயசெல்விக்குத் தன் கையெழுத்து தெரியாதா?

"அடிப்பாவி! உன் புள்ளைக்காவத்தாண்டி எழுதினேன்!"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா எடுத்த?"

"சலுகைய நிறுத்திட்டா மொதலாளி ஜன்னலயா தொறப்பாரு? கேட்டைத்தான் மூடுவாரு. நூத்தம்பது பேரும் எங்க போறது?" டயானா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. "அந்தக் கடைசி சீட்டு என்னுதுக்கா. புள்ளையத்தான் அந்தோணியாரு எடுத்துக்கினாரு, வேலையையாவது விட்டு வைக்கட்டும்னு எழுதினேன்."