ஏழாவது பாட்டு

"மறுபடியும் அதே பாட்டா? சி.டி.யில பதினோரு பாட்டு கீது தம்பி. மத்த பத்தும் இன்னா பாவம் பண்ணிச்சு?"

கேளம்பாக்கத்தில் ஆடியோ கடை வைத்திருக்கும் திருவேங்கடம் கேட்டதில் நியாயம் இருந்தது. ஸ்டான்லி ஒரு மணி நேரமாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஏழாவது பாட்டின் கடைசிப் பகுதியையே கேட்டுக்கொண்டிருந்தான்.

மேசைமேல் மூன்று பெட்டிகள். சி.டி. பிளேயருக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் வைக்கிற 'டாக்' என்கிற சமாச்சாரம். சி.டி.யில் வெறும் எண்களாகக் கிடப்பதைக் காதுக்குக் கேட்கிற சத்தமாக மாற்றித் தருவது அதன் வேலை. அதை எவ்வளவு சுத்தமாகச் செய்கிறதோ அவ்வளவு விலை.

"எனக்கில்ல அண்ணே. கோவளத்துல எங்க சர்ச் கொயர் மாஸ்டர் ஆபிரகாமுக்கு."

"அவரு உனக்கு இன்னா வேணும்? மாமாவா?"

"அதத்தான் அவரு இன்னும் சொல்லல" என்றான் ஸ்டான்லி.

மாஸ்டரின் மகள் ஷாரோனும் அவனும் ஒரே கொயரில் பாடுகிறவர்கள். பின் வரிசையில் ஆண்கள் முடிகிற இடத்தில் இவன் நிற்பான், பெண்கள் தொடங்குகிற இடத்தில் அவள் நிற்பாள். இது தற்செயல் என்று சபையில் ஒருவரும் நம்பவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஸ்டான்லி தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பெண் கேட்டுவிட்டான். ஆபிரகாம் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"எங்க வூட்டம்மா சாராள் டிவியில சீரியல் போட்டுகினா வூட்ல பாட்டு கேக்க முடியல. ஹெட்போன் கீது. அதுக்கு ஒரு டாக் பாத்து எடுத்துகினு வா. போன கிறிஸ்துமஸுக்கு நாம பாடிப் போட்ட சி.டி.யவே வெச்சி கேட்டுப் பாத்து எடு. உன் காது எப்படின்னு தெரிஞ்சிக்கறேன். பொண்ணு விஷயத்த அப்பறம் பேசிக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

ஒரு பெட்டி வாங்குவதில் ஒருவன் கல்யாணமே தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் பெரிய பெட்டியைத்தான் திருவேங்கடம் மாட்டிக் காட்டினார். ஏழாவது பாட்டு முடிகிற இடத்தில் ஸ்டான்லிக்கு முகம் வெளுத்துப்போய்விட்டது. ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தான்.

"ரொம்பத் தெளிவா கீது அண்ணே."

"தெளிவுக்குத்தான தம்பி இந்த வெல. பாடறவங்க மூச்சு வுடறது வரைக்கும் கேக்கும். ரெண்டு பீஸு வந்துது, ஒண்ணு போன மாசமே போயிடுச்சு."

"மூச்சு வுடறது கேட்டா பரவால்ல" என்றான் ஸ்டான்லி. "அடுத்தத மாட்டுங்க."

நடுப் பெட்டியையும் கேட்டான். ஏழாவது பாட்டு, அதே கடைசிப் பகுதி. நாலு தடவை கேட்டு நாலு தடவையும் உதட்டைப் பிதுக்கினான். கடைசியாகச் சின்னப் பெட்டி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டவன் முகத்தில் பெரிய சந்தோஷம்.

"இதான். இத்தயே பேக் பண்ணுங்க."

திருவேங்கடத்துக்கு மனசு கேட்கவில்லை. "வியாபாரி பேசற பேச்சில்ல, ஆனாலும் சொல்றேன். இது கம்பளி போத்திகினு பாடற மாதிரி கீது. இத்த எடுத்துகினு போனா உன் காது செவிட்டுக் காதுன்னு பொண்ணு தராம அனுப்பிடுவாரு."

"எனக்குக் கம்பளிதான் அண்ணே வேணும்."

படித்த பிள்ளை, பாவம் காதல் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவர் கட்டிக் கொடுத்தார்.

சாயந்திரம் கோவளத்தில் மாஸ்டர் வீட்டு ஹாலில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. சாராள் டிவியைவிட்டுக் கண்ணை எடுக்காமலே "வாப்பா" என்றாள். ஷாரோன் காபி கொடுத்துவிட்டு உள்ளறைக் கதவோரம் போய் நின்றுகொண்டாள்.

ஆபிரகாம் உள்ளறையில் உட்கார்ந்து சின்னப் பெட்டியை மாட்டினார். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு நேராக ஏழாவது பாட்டுக்குப் போனார். அவர் கொயருக்கு முன்னால் நின்று கையசைப்பதுபோல் காற்றில் கையை அசைத்துக்கொண்டே முழுப் பாட்டையும் கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றினார்.

"பாட்டு மட்டுந்தான் கேக்குது."

"ஆமா மாஸ்டர்."

"வேற ஒரு சத்தமும் இல்ல."

"இல்ல மாஸ்டர். அதுக்குத்தான் பாத்துப் பாத்து எடுத்தேன்."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஸ்டான்லி மூச்சு விட்டான். கதவோரத்தில் ஷாரோனும் மூச்சு விட்டாள்.

ஆபிரகாம் எழுந்துபோய் பீரோவைத் திறந்தார். உள்ளே, கேளம்பாக்கம் கடையில் முதலில் பார்த்த அதே மாதிரி பெரிய பெட்டி இருந்தது.

"இத்த போன மாசமே வாங்கிட்டேன். ஏழாவது பாட்டு முடியறப்போ, 'உங்கப்பா கை ஆட்டறது கருவாட்டுல காக்கா ஓட்டற மாதிரி கீது'ன்னு பின் வரிசையில ஒருத்தன் சொல்றான், என் பொண்ணு சிரிக்கிறா. எனக்குக் கொஞ்சமாச்சும் பயப்படறவனான்னு பாக்கத்தான் உன்ன கடைக்கு அனுப்பினேன்."

சின்னப் பெட்டியைக் கழற்றி ஸ்டான்லியின் கையில் வைத்தார்.

"இத்த நீயே வெச்சிக்க மாப்ள. இனிமே நான் பேசறதுல பாதி உன் காதுல வுழாம இருந்தாதான் உனக்கு நல்லது."