ஒரு சாண் கூடுதல்

“அண்ணி, டிரக்கை நிறுத்தச் சொல்லுங்க!” மூச்சிரைக்கக் கத்திக்கொண்டே மேட்டில் ஏறி வந்தான் தம்பி.

அண்ணி சிரித்தாள். “எப்படிச் சொல்றது? உங்க அண்ணன் போனை என்கிட்ட குடுத்துட்டுல்ல ஏறினாரு. நாளைக்குப் போட்டியாச்சே, ஒரே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வந்துடுவாரு.”

“பின் சக்கரம் இப்ப ஒரு சாண் கூடுதலா இறங்கும் அண்ணி...”

“அதுக்குத்தானே ஒரு வாரமா அடியில படுத்துக் கிடந்தே? ஸ்பிரிங் பட்டையை மாத்தி, நீள ஷாக் அப்சார்பர் போட்டு... எந்தக் குழியிலயும் சக்கரம் தரையை விடாதுன்னு ஊரெல்லாம் பெருமையடிக்கிறாரு.”

“பிரேக் ஆயில் போற ரப்பர் குழாய், அந்த ஹோஸ் பழசு அண்ணி! நீளம் பத்தாது. சக்கரம் முழுசா தொங்கினா அறுந்துடும். நாலு சக்கரத்துக்கும் அந்த ஒரே லைன்தான், எதுலயும் பிரேக் பிடிக்காது!”

அண்ணியின் சிரிப்பு நின்றது.

கீழே, டிரக் குழியில் இறங்கியது. பின் சக்கரம் அழகாகத் தொங்கித் தரையைத் தொட்டது. அடுத்தது சரிவு. பிரேக் விளக்கு எரிந்தது, வேகம் குறையவில்லை. டிரக் விளிம்பைத் தாண்டி மறைந்தது. சத்தம் பிறகுதான் வந்தது.

“பாவி, எப்படிடா மறந்தே?” அண்ணி அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். “நாளைக்குப் போட்டியில நீதான் ஓட்டணும்னு உன் பேரைக் குடுத்துட்டு வந்தாரேடா! உனக்குத் தெரியக் கூடாதுன்னாரே!”

“தெரியும் அண்ணி. போட்டிக்காரங்க இப்பதான் போன் பண்ணாங்க. அதான் ஓடி வந்தேன்.”

அவன் மறக்கவில்லை. முதலில் மாட்டியிருந்த நீள ஹோஸைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டியவனே அவன்தான். நேற்று மாலை, “ஒரு தடவை நான் ஓட்டுறேன்ணே” என்று கெஞ்சியபோது, “நீ ஸ்பேனரைப் பிடிடா” என்று அண்ணன் சிரித்த பிறகு.