ஆடு மென்ற காட்சி

“உனக்குப் பயப்படவும் தெரியல, படம் பார்க்கவும் தெரியல!”

கிளைவ் மேஜையில் தட்டிய தட்டில் தக்காளி சாஸ் பாட்டில் உருண்டது.

டெகனுக்குச் சுருக்கென்றது. கணவன் லெஸ்ஸைப் பறிகொடுத்து இரண்டு மாதம்கூட ஆகாத ரேலீனிடம் பேசுகிற பேச்சா இது?

பர்னி ஊர் பேய்ப்பட ரசிகர் மன்றம் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், பௌலிங் கிளப்பின் பின்னறையில் கூடும். பழைய படம் ஒன்று ஓடும். அப்புறம் கறி அடைத்த சூடான மீட் பை, டீ, வாய்ச்சண்டை. ஹோபார்ட் நகரிலிருந்து வேலை மாற்றலாகி வந்த இளம்பெண் டெகனுக்கு இது இரண்டாவது கூட்டம். போன தடவையும் இந்தக் கிளைவ் ரேலீனை இப்படித்தான் வறுத்தெடுத்தார்.

இன்று ஓடியது ‘செம்மறிக் கொட்டகை’. ஆட்டு ரோமம் கத்தரிக்கிற ஒருவன் செத்துப் பேயாகி, கத்தரிக்கோலும் கையுமாக முதலாளியைத் துரத்துகிற கதை. கடைசியில் பேய் கத்தரிக்கோலை ஓங்கும்போது, பின்னால் ஒரு ஆடு கேமராவையே பார்த்து நிதானமாக அசைபோட்டுக்கொண்டு நிற்கும்.

இதைப் புதிதாக எடுத்தால் எப்படி எடுக்கலாம் என்று பேச்சு ஆரம்பித்தது.

“ஆட்டோட பார்வையில எடுக்கலாம். சிரிப்புப் படமா,” என்றாள் ரேலீன், சுரத்தில்லாமல்.

“ரொம்ப நல்ல யோசனைம்மா,” என்றார் மன்றத் தலைவர் மெர்வின்.

“பிரமாதம்!” என்றாள் டெகன் அவசரமாக.

“பேய்க்கே ஆட்டைக் கண்டா பயம்னு வைக்கலாம்...” என்று இழுத்தாள் ரேலீன்.

“வைக்கலாமே! தாராளமா வைக்கலாம்,” என்றார் மெர்வின்.

ரேலீன் ‘ம்’ என்று கோப்பைக்குள் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் கிளைவ் பாய்ந்தார். “சிரிப்புப் படமா? ஒரு மனுஷன் கழுத்து போகப்போகுது, ஆடு அது பாட்டுக்கு மென்னுக்கிட்டு நிக்குது. நாம செத்தாலும் உலகம் இப்படித்தான் நிக்கும்னு காட்டறான்யா டைரக்டர்! அதைவிடப் பயங்கரம் வேற என்ன வேணும்?”

ரேலீன் நிமிர்ந்தாள். “டைரக்டர் ஒண்ணும் காட்டல. அந்த ஆட்டை விரட்ட ஆள் இல்ல, அவ்வளவுதான்!”

“இசையே வேணாம்கிறேன் நான். கும்மிருட்டு. ஆடு மெல்லுற சத்தம் மட்டும் பத்து நிமிஷம் கேட்கணும்.”

“பத்து நிமிஷமா? தியேட்டர் முழுக்கக் குறட்டைதான் கேட்கும்!”

“தூங்கறவங்களுக்கு எதுக்குப் பேய்ப்படம்?”

“பேயைப் பார்த்தா முதல்ல சிரிப்பு வரணும். சிரிச்சு முடிச்சப்புறம்தான் வயித்தைக் கலக்கணும். அதுதான் படம்!”

அந்த இடத்தில்தான் கிளைவ் மேஜையைத் தட்டினார்.

“இரு, டீயைக் கொண்டுவந்துட்டு உன்னைக் கவனிச்சுக்கறேன்,” என்று முகம் சிவக்க, மூச்சு வாங்க எழுந்து சமையலறைக்குள் போனாள் ரேலீன்.

டெகனால் அடக்க முடியவில்லை.

“கிளைவ், உங்களுக்கு மனசாட்சியே இல்லையா? அவங்க எந்த நிலைமையில இருக்காங்கன்னு பார்த்து நாங்க எல்லாரும் எவ்வளவு பதமா பேசறோம். நீங்க மட்டும் ஏன் அவங்க வாயைத் திறந்தாலே கடிக்க வர்றீங்க? அதுவும் சாவைப் பத்தி வேற! ஒரே ஒரு தடவை விட்டுக்கொடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?”

கிளைவ் உருண்ட பாட்டிலை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

“இப்படியே பேசறதா இருந்தா, அடுத்த மாசம் நீங்க வராம இருக்கிறதே நல்லது.”

மெர்வின் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கிளைவ் கண்ணாலேயே அவரை அடக்கினார்.

“பொண்ணு சொல்றதுல தப்பில்ல. கொஞ்சம் அதிகமாத்தான் போயிட்டேன்,” என்று மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“உட்காருடா!”

சமையலறை வாசலில் ரேலீன். கையில் ஆவி பறக்கும் கெட்டில்.

“எங்க நழுவப் பார்க்கற? நான் இன்னும் முடிக்கல.” டெகன் பக்கம் திரும்பினாள். “கண்ணு, என் மேல உள்ள அக்கறையிலதான் பேசின. புரியுது. ஆனா லெஸ் போனதிலேர்ந்து, நான் என்ன சொன்னாலும் எல்லாரும் ‘ஆமாம்மா, சரிம்மா’ங்கறீங்க. கறிக்கடையிலயும் அதான், என் தங்கச்சி வீட்டுலயும் அதான். செத்தது லெஸ்ஸா, நானான்னே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு.”

“அதுக்காக இவர் இவ்வளவு முரட்டுத்தனமா...”

“இவனா முரடு? நீ லெஸ் பேசறதைக் கேட்டிருக்கணும்! பேய்ப்படத்துல சிரிப்பைக் கலந்தா டீயில உப்பைப் போட்ட மாதிரின்னு குதிப்பாரு. இங்க ஆரம்பிச்சா, கார்ல, வீட்டுல, படுத்து விளக்கை அணைச்சப்புறமும் விடமாட்டாரு. சத்தத்தை மட்டும் வெச்சு எடுக்கணும்கிறதெல்லாம் அவரோட பேச்சு. கிளைவ் அப்போ என் பக்கம் உட்கார்ந்து, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சவன்.”

டெகன் கிளைவைப் பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பெய்கிற மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

“கண்டுபிடிச்சுட்டியா?” என்றார், திரும்பாமலே.

“முதல் நாளே தெரியும்டா, மடையா.”

ரேலீன் அவர் கோப்பையை இழுத்து டீயை ஊற்றினாள்.

“முப்பது வருஷம் இவன் என் கட்சி, கண்ணு. லெஸ் போனதும், எனக்குச் சண்டை போட ஆளில்லாமப் போயிடக் கூடாதேன்னு எதிர்க்கட்சிக்குத் தாவிட்டான்!”