நீலக் காட்டுப் பெண்கள்

சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றி, எதிரே உட்கார்ந்திருந்த சென்னிமலையின் மடியில் வைத்தாள் சுசித்ரா.

பேச்சுப் பயிற்சிக்கென்று அவள் வைத்திருந்த அட்டைகளெல்லாம் தோற்றுப்போயிருந்தன. பசு, பூட்டு, குடை, தேங்காய். வாரத்துக்கு இரண்டு நாள் காட்டியும் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். தொண்ணூற்றாறில், தசரா முடிந்த மறுவாரம், காலை ஷிப்டில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கூடவே பேச்சும் போனது. கால் கொஞ்சம் தேறியது. ஆறு மாதத்துக்குள் பேச்சு வராவிட்டால் பிறகு கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இது ஏழாவது மாதம்.

அறைக்குள் வந்ததும் அவர் கண் முதலில் அந்தப் படத்துக்குத்தான் போகிறது என்பதைச் சுசித்ரா கவனித்திருந்தாள்.

யாரோ ஒரு வெளிநாட்டு ஓவியர் எந்தக் காலத்திலோ வரைந்ததன் அச்சு. நீல நிறத்தில் ஒரு காடு. வெள்ளை உடுத்திய ஐந்து பெண்கள் தூக்கத்தில் நடப்பவர்களைப் போல மரங்களுக்கிடையே வருகிறார்கள். ஒருத்தி கையில் அணைந்த விளக்கு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி காவேரிக்கு அந்தப் படம் பிடிக்காது. ஹனூர்ப் பக்கம் காட்டோரத்தில் பிறந்தவள் அவள். காட்டுக்குள் போகிறவர்கள் இப்படியா போவார்கள், கையில் ஒரு கொடுவாள்கூட இல்லாமல்? பேய்களைப் பார்ப்பதுபோலத்தான் அவர்களைப் பார்ப்பாள்.

"இல்லி ஏனு... இங்க என்ன தெரியுது சார்? நிதானமா சொல்லுங்க, அவசரம் இல்ல" என்றாள் சுசித்ரா, தன் கன்னடம் கலந்த தமிழில்.

சென்னிமலை இடது கை விரலைப் படத்தின் கண்ணாடிமேல் வைத்தார். மரத்தைத் தொட்டார். விளக்கைத் தொட்டார். விரல் மெல்லக் கீழே இறங்கி, ஒரு பெண்ணின் வெறும் பாதத்தில் நின்றது.

உதடு கோணியது. தொண்டை ஏறி இறங்கியது.

"மு... முள்ளு."

சுசித்ரா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். காவேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கரகரத்திருந்தது; ஆனாலும் அவர் குரலேதான்.

பெயர்கூடத் தெரியாத அந்த ஓவியரை நினைத்துப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள் காவேரி. உயிரோடு இருக்கிறாரோ என்னவோ, அவர் குலம் நன்றாக இருக்கட்டும். ஐந்து பெண்களையும் தனித்தனியாகக் கும்பிட்டாள். இத்தனை நாள் பேய் என்று நினைத்ததற்கு மனசுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

"ஹௌது, ஆமா சார்! காடுன்னா முள்ளு இருக்கும்தானே" என்று நோட்டில் எழுதத் தொடங்கினாள் சுசித்ரா.

சென்னிமலை இல்லை என்று தலையசைத்தார்.

விரலைக் கண்ணாடியிலிருந்து எடுத்தார். கை படத்தைத் தாண்டி, பக்கத்து நாற்காலிக்குக் கீழே நீண்டு, காவேரியின் காலைக் காட்டியது.

"குத்தும்" என்றார்.

காவேரி சட்டென்று பாதங்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அவர் வாய் அடைத்துப்போன அன்று சாமுண்டி மலைப் படியில் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு வந்தவள். அவர் ஒரு சொல் பேசும்வரை இனிக் காலில் போடுவதில்லை என்று வேண்டுதல். வேண்டுதலை வெளியே சொல்லக்கூடாது என்று யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கவனிக்கவில்லை என்றுதான் இந்த ஏழு மாதமும் நினைத்திருந்தாள்.