முந்தியில் முடிந்த சாவி

உப்பளத்தில் லாரி வந்து நின்றதும் சுமை தூக்கும் பெண்களில் மூத்தவளான மரியபுஷ்பம் முதலில் வண்டிச் சாவியைக் கேட்டு வாங்கிவிடுவாள். அதைச் சேலை முந்தியில் முடிந்து இடுப்பில் செருகிய பிறகுதான் பெண்கள் உப்புக் கூடையைத் தூக்குவார்கள். டிரைவர் இசக்கிமுத்துவுக்கு அது வேடிக்கை.

"முடிஞ்சு வச்சிருக்கதப் பாரு, தாலி மாதிரி!"

"அத அவுத்தாலும் அவுப்பேன், இத அவுக்க மாட்டேன்" என்பாள்.

அன்று லோடு ஏறி முடிந்தபோது மழை இருட்டிக்கொண்டு வந்தது. தார்ப்பாயில் கிழிசல் வேறு.

"சரக்கு பூரா கரைஞ்சிரும், சாவியக் குடு தாயி!"

மரியபுஷ்பம் காதில் வாங்காமல் லாரியைச் சுற்றி வந்தாள். பின்னால் குனிந்து, "ஏட்டி, எந்திரி" என்றாள். வேலைக்குப் புதிதாக வந்த செல்லக்கனி, வெடித்த குதிகாலில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு, பின்சக்கரத்தில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வண்டியைப் பின்னால் எடுத்துத்தான் திருப்பவேண்டும்.

மரியபுஷ்பம் முடிச்சை அவிழ்த்தாள். அவள் உடம்புச் சூடு சாவியில் இருந்தது. இசக்கிமுத்து அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

தூறல் விழத் தொடங்கியது. அவன் இன்னும் வண்டியில் ஏறவில்லை. ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.